நாவல்மடுத் தொகுதியின் மூன்றாவது தேர்தல்

நாவல்மடு என்ற காட்டுக் குளத்தைச் சுற்றி முயல்களும் மான்களும் சில நரிகளும் ஓர் ஆமையும் வாழ்ந்து வந்தன. குளத்தை யார் நிர்வகிப்பது என்று அவை தேர்தல் வைத்து முடிவு செய்தன.

முதல் தேர்தலில் குரல் வாக்கு. யார் பெயருக்குச் சத்தம் அதிகமோ அவருக்கு வெற்றி. நரிகள் புதருக்குப் புதர் ஓடி ஓடி ஊளையிட்டன. குழைவாயன் என்ற நரி ஜெயித்தது. ஜெயித்த மறுநாளே, "பாதுகாப்புக்காக!" என்று சொல்லி மேற்குக் கரைக்கு முள்வேலி போட்டது. வேலிக்கு உள்ளே நரிகள் மட்டும் போய்வந்தன.

இரண்டாவது தேர்தலில் கல் வாக்கு. ஆளுக்கொரு கல்லைப் பானையில் போட வேண்டும். நரிகள் கை நிறையப் போட்டன. மீண்டும் குழைவாயன்! இம்முறை வடக்குக் கரையும் கிழக்குக் கரையும் வேலிக்குள் போயின.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் நரியைச் சந்தேகப்படவில்லை. "மான்கள் விலை போயிட்டாங்க!" என்றன முயல்கள். "முயல்கள்தான் காலை வாரி விட்டாங்க!" என்றன மான்கள். நரி ஏமாற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்த சங்கதியில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டன போலும்!

மூன்றாவது தேர்தல் வந்தது. தேர்தல் அதிகாரியான கொக்கு புதிய விதி ஒன்றைப் போட்டது. கல்லைப் போட்டதும் ஒரு நாவல் பழம் தின்ன வேண்டும். நாக்கு ஊதாவாக இருந்தால் வாக்களித்தாயிற்று என்று அர்த்தம். மறுபடியும் போட முடியாது. கொக்கு நேர்மையானது. விதியைத் தவிர வேறு எதையும் பார்க்காத நேர்மை.

நரியை எதிர்த்து நின்றது ஆமை. "நான் ஜெயிச்சா வேலியை எல்லாம் பிடுங்கிடுவேன்!" என்றது. மிச்சம் இருந்தது தென்கரைத் துறை ஒன்றுதான். கோடை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனால் மலைக்கு அப்பால்தான் தண்ணீர். முயல்களின் தலைவி செங்கண்ணிக்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன. கண் திறக்காத குட்டிகளை வைத்துக்கொண்டு அவள் மலையேறுவது எப்படி?

தேர்தலுக்கு முந்தைய மாலை. குழைவாயன் செங்கண்ணியின் வளைக்கு வந்தது.

"அக்கா! உங்க நல்லதுக்குச் சொல்றேன். மான்கள் நாவல் பழத்தையெல்லாம் தின்னு தீர்க்கப் போறாங்க. பழம் இல்லேன்னா உங்க நாக்குல கறை ஏது? கறை இல்லேன்னா உங்க ஓட்டு செல்லாது! ஆளுக்கொரு பழத்தை இப்பவே எடுத்து வெச்சுக்குங்க!"

"போ, போ! உன் பேச்சை நான் நம்ப மாட்டேன்!"

"என்னை நம்பாதீங்க அக்கா. மானை நம்புறீங்களா?"

செங்கண்ணி மான்கள் மேயும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நரி அங்கிருந்து நேராக மான்களின் தலைவன் நெடுங்கொம்பனிடம் போனது. "அண்ணே!" என்று ஆரம்பித்து அதே கதையைச் சொன்னது. இங்கே திருடர்கள் முயல்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விடிந்ததும் முயல்கள் ஆளுக்கொரு பழத்தைப் பொறுக்கின. எங்கே ஒளித்து வைப்பது? வளையில் வைத்தால் மான் கிளறிவிடும். புல்லில் வைத்தால் மேய்ந்துவிடும். யோசித்து யோசித்து, வாயிலேயே அடக்கிக்கொண்டன! மான்களும் அப்படியே செய்தன. வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடுமே! அதனால் வழியில் யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே வரிசையில் வந்து நின்றன.

"நாக்கை நீட்டு!" என்றது கொக்கு.

செங்கண்ணி பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நீட்டினாள். நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது.

"வாக்களித்தாயிற்று. விலகு!"

செங்கண்ணி பதறிப்போய்ப் பழத்தைத் துப்பினாள். "ஐயோ, நான் இன்னும் ஓட்டே போடலைங்க!"

"கறை இருக்கிறதே!"

பின்னால் நின்ற நெடுங்கொம்பனுக்கு ஒரே குஷி. "பார்த்தீங்களா, கள்ள ஓட்டு!" என்று கத்தியது. கத்திய வாயிலிருந்து அதன் பழமும் கீழே விழுந்தது.

இரண்டு பழங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முயலும் மானும் அவற்றைப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று பார்த்தன. புரிந்துவிட்டது!

ஆமை மூச்சு வாங்க ஓடி வந்தது. "அதிகாரி ஐயா, இது நரியோட வேலை!"

கொக்கு தலையைச் சாய்த்து யோசித்தது. "இரண்டு இனத்தார் சேர்ந்து வந்து சாட்சி சொன்னால் தேர்தலை நிறுத்தலாம். விதியில் இடம் இருக்கிறது. சூரியன் மறைவதற்குள் சொல்ல வேண்டும்."

"கேட்டீங்களா? ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க!" என்று ஆமை கெஞ்சியது.

"மான் முதல்ல சொல்லட்டும். நான் போனதும் அது பின்வாங்கிட்டா, பொய் சொன்ன பழி எனக்குத்தானே?" என்றாள் செங்கண்ணி.

"முயல் முதல்ல சொல்லட்டும். நரி பேச்சைக் கேட்டுப் பழத்தை வாயில வெச்சிருந்தவளை நான் எப்படி நம்புறது?" என்றது நெடுங்கொம்பன்.

"உன் வாயிலயும்தானே இருந்தது!"

"உன்னாலதானே எடுத்தேன்!"

நரிகள் ஒவ்வொன்றாக வந்து கல்லைப் போட்டு, பழம் தின்று, ஊதா நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போயின. இந்தத் தடவை ஆளுக்கு ஒரே கல்தான். ஊதா நாக்கோடு வந்த முயல், மான் எல்லாவற்றையும் கொக்கு விலக்கிவிட்டதால், அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆமை தன் ஒற்றைக் கல்லைப் போட்டது. முயலும் மானும் வாதாடிக்கொண்டே இருக்க, சூரியன் மறைந்தது.

"முறைப்படி நடந்த தேர்தலில் குழைவாயன் வெற்றி!" என்று கொக்கு அறிவித்தது. அது பொய் சொல்லவில்லை.

மறுநாள் தென்கரைக்கும் வேலி வந்தது. பழத்தை அடக்கி வைத்த அதே வாயில் கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சிறிது தூரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்ததற்குத் திரும்பியபடி செங்கண்ணி மலையேறினாள். முன்னால் மான்கள் போய்க்கொண்டிருந்தன. அவை தன் குட்டிகளை மிதித்துவிடுமோ என்று பயந்து, அவள் தள்ளியே நடந்தாள்.

பக்கத்தில் நிற்பவர் மேல் மட்டுமே சந்தேகப்படத் தெரிந்தவர்களுக்கு, கெடுக்க வந்தவனை எதிர்க்கக் கடைசி வரை நேரம் கிடைப்பதில்லை.