கரடியைப் பற்றிக் கொண்டலாத்தி சொன்னது

வடகரைக் காட்டில் சிகாமணி என்றொரு கொண்டலாத்திப் பறவை இருந்தது. அதன் தலையில் விசிறி போல விரியும் கொண்டை உண்டு. மற்றவை அதைக் கொண்டை என்றன. சிகாமணி மட்டும் கிரீடம் என்று திருத்தும்.

அந்தக் காட்டில் விலங்குகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. ஆற்றுக்கு அப்பால் தென்கரையிலும் ஒன்று இருந்தது. இரண்டிலும் என்ன பாடம் நடந்தது என்று படித்து முடித்த யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆண்டுக்கொரு முறை இரண்டு கல்லூரிகளும் மோதும் கூடைப்பந்து ஆட்டம் மட்டும் எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது. ஆற்று நடுவில் உள்ள மணல்திட்டில் ஆட்டம். தூக்கணாங்குருவிகள் பின்னிய கூடைகள் இரண்டு மரங்களில் தொங்கும். கொடிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தை எதிராளியின் கூடையில் போட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர். ஐந்தாவது ஆள் இல்லாத அணி ஆடாமலே தோற்றுவிடும்.

சிகாமணி ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. பந்து அதைவிடப் பெரியது. ஆனால் வடகரை ஆடிய ஓர் ஆட்டத்தையும் அது தவறவிட்டதில்லை. பயிற்சியைக்கூட விட்டதில்லை. எனவே அணியைப் பற்றிப் பேசும் உரிமை தனக்கே உண்டு என்று அது நம்பியது. காடும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை சிகாமணி ஒரு பெரிய கறையான் புற்றின் மேல் உட்கார்ந்தது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது.

“என்ன அண்ணே, நாளைக்கு நம்ம அணி எப்படி?” என்று கேட்டது அணில்.

“அணியா? அஞ்சு பேர் ஒரே இடத்துல நிக்கிறாங்க, அவ்வளவுதான்!”

கூட்டம் சிரித்தது.

“முயல் எப்படி அண்ணே?”

“நல்லா ஓடுவான். எந்தப் பக்கம் ஓடணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தா இன்னும் நல்லா ஓடுவான்!”

“தலைவி பூவாயி?”

பூவாயி ஒரு மந்தி. மந்தி என்றால் பெண்குரங்கு. தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளலாம்.

“பிரமாதமாத் தாவுவா. கையில பந்து இருக்கா இல்லையாங்கிறதைத் தாவி முடிச்சப்புறம்தான் பார்ப்பா!”

“சரி, கரடி?”

கரடியின் பெயர் வெள்ளைச்சாமி. கன்னங்கரேலென்று இருக்கும் அதற்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் குறும்புக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

“வெள்ளைச்சாமியா?” சிகாமணி பெருமூச்சு விட்டது. “யார் மேலயோ கோபம் வந்த மாதிரி பந்தை எறியறான். போன வருஷம் அவன் எறிஞ்ச பந்து கூடையைத் தவிர எல்லாத்து மேலயும் பட்டுச்சு. மரத்துல தூங்கிட்டிருந்த ஆந்தை மேலகூடப் பட்டுச்சு! அவனுக்குப் பதிலா ஒரு பாறையை உருட்டி வெச்சுடலாம். பாறை ஆட்டத்துக்கு நடுவுல தேன் கேட்காது!”

அணில் சிரித்துச் சிரித்துக் கீழே உருண்டது. சிகாமணி மிகுந்த திருப்தியோடு தன் பொந்துக்குத் திரும்பியது.

மறுநாள் காலையில் பூவாயி கிளை கிளையாகத் தாவி வந்து பொந்தின் வாசலில் நின்றது.

“அண்ணே, உங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“வெள்ளைச்சாமி ஆட வரமாட்டேங்கிறான். நேத்து நீங்க உட்கார்ந்திருந்த புத்துக்குப் பின்னாலதான் கறையான் தோண்டிட்டிருந்தானாம். எல்லாத்தையும் கேட்டிருக்கான். ‘பாறையையே உருட்டி வெச்சுக்குங்க’ங்கிறான்!”

சிகாமணி பொந்துக்குள் ஓர் அடி பின்வாங்கியது.

“நம்ம ஆளுங்க மட்டும்தானே இருந்தோம்! நம்ம அணியை நாம திட்டாம வேற யாரு திட்டுவா?”

“அதை அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. உச்சிப்பொழுதுக்குள்ள அஞ்சாவது ஆள் வேணும். இல்லைன்னா தென்கரைக்காரங்க வியர்வை சிந்தாம ஜெயிச்சிட்டுப் போயிடுவாங்க.”

சிகாமணி குகைக்குப் பறந்தது. வெள்ளைச்சாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

“தம்பி வெள்ளைச்சாமி, நீ நல்ல ஆட்டக்காரன்பா.”

“எதுல?” கரடி திரும்பவில்லை.

சிகாமணி யோசித்தது. குறைகளையே அடுக்கிப் பழகிய மூளை அது. ஒரு நிறையைத் தேடினால் அவசரத்துக்கு எதுவும் அகப்படவில்லை.

“வந்து... நீ பந்தைப் பிடிக்கிற விதம். ரெண்டு கையையும் இன்னும் கொஞ்சம் அகலமா வெச்சா ரொம்ப நல்லா இருக்கும்.”

“அப்புறம்?”

“உன் கால். நல்ல கால்தான். கொஞ்சம் சீக்கிரமாத் தூக்கினா...”

“போங்க அண்ணே!” என்றது கரடி. “ஆள் இல்லைன்னுதானே தேடி வந்தீங்க? வேற ஆள் இருந்தா வந்திருப்பீங்களா?”

அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகள் சிகாமணிக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

“சரி, ஆட வேணாம். பார்க்கவாவது வா.”

“பூவாயி ஆடறாளே, அதுக்காக வருவேன். மூங்கில் புதருக்குப் பின்னால உட்கார்ந்துப்பேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.”

உச்சிப்பொழுது நெருங்கியது. மணல்திட்டின் இருபக்கமும் கூட்டம் நிரம்பியது. தென்கரை அணியில் இரண்டு காட்டெருமைகள் மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. அவற்றுக்கு முன்னால் நல்லமுத்து என்ற நரி நடந்து வந்தது. வடகரைக்குச் சிகாமணி எப்படியோ, தென்கரைக்கு நல்லமுத்து அப்படி.

“என்னய்யா கொண்டலாத்தி! உங்க பக்கம் நாலு தலைதான் தெரியுது?”

“அடடே, எண்ணக்கூடத் தெரியுமா உனக்கு? தென்கரைக் கல்லூரி முன்னேறிடுச்சே!”

“கரடி எங்கேய்யா? பயந்து ஓடிட்டானா? வராததே நல்லது. அவன் எறியற பந்து கூடையைத் தவிர எல்லாத்து மேலயும் படும். அவனுக்குப் பதிலா ஒரு பாறையை உருட்டி வைங்க!”

தென்கரைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அது சிகாமணியின் சொந்தச் சரக்கு. வார்த்தைகள்கூட அதிகம் மாறவில்லை. ஆற்றைத் தாண்டி எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டாம். கேலிக்கு நன்றாக நீந்தத் தெரியும். நேற்று அவ்வளவு நயமாகத் தோன்றிய அந்த வார்த்தைகள் இன்று நரியின் வாயில் நாறின. சிகாமணியின் கொண்டை படாரென்று விரிந்தது.

“நிறுத்துய்யா! வெள்ளைச்சாமியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? அவன் எறியற பந்து கூடைக்குள்ள போறதில்லை. ஒத்துக்கறேன். உள்ளே போகாத பந்தை எடுக்கிறது யாரு? அவன்தான்! உங்க ரெண்டு காட்டெருமையும் முட்டிக்கிட்டு நிக்கும்போது நடுவுல கையை விட்டுப் பிடுங்கிட்டு வருவான். போன வருஷம் பூவாயி போட்ட பந்தெல்லாம் அவன் பிடுங்கிக் கொடுத்தது. நாங்க பூவாயி பேரைச் சொல்லிக் கத்தினோம். பந்து யாரு கொடுத்ததுன்னு ஒருத்தரும் கேட்கலை. அவனும் சொல்லிக்கலை!”

“அடேங்கப்பா!” என்றது நரி.

“இன்னும் கேளு! உங்க பக்கத்து முயல் கால் இடறி விழுந்தப்போ ஓடிவந்து தூக்கினது யாரு? நீ கைதட்டிக்கிட்டு நின்னே, அவன்தான் தூக்கினான். மழை பெஞ்சா பயிற்சிக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. இவன் மட்டும் வருவான். தனியா எறிவான், தனியா எடுப்பான். நான் மரத்துல நனைஞ்சுக்கிட்டே பார்த்திருக்கேன்யா! அவனை மாதிரி ஒருத்தன் உங்க கரையில இருந்தா கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பீங்க!”

“அவ்வளவு பெரிய ஆளு இன்னிக்கு ஏன் வரலை?”

சிகாமணியின் குரல் இறங்கியது. “என் வாயாலதான் வரலை.”

மூங்கில் புதர் சலசலத்தது. வெள்ளைச்சாமி எழுந்து வந்தது. அது சிகாமணியைப் பார்க்கவில்லை, நரியையும் பார்க்கவில்லை. நேராகப் பூவாயியிடம் போய் நின்றது.

“நான் எங்கே நிக்கணும்?”

“எப்பவும் நிக்கிற இடத்துலதான்,” என்றது பூவாயி. “போ, சீக்கிரம்!”

நடுவரான மயில் அகவியது. ஆட்டம் தொடங்கியது.

முயல் சரியான பக்கமே ஓடியது. காட்டெருமைகள் மணலைக் கிளப்பின. ஒரு கரை ஒரு பந்து போட்டால் மறுகரை இன்னொன்று போட்டது. வெயில் சாயும்போது இரண்டு கரைகளும் சமமாக நின்றன. கடைசிப் பந்து வெள்ளைச்சாமியின் கைக்கு வந்தது. அது எறிந்தது. ஆந்தை முன்யோசனையோடு வேறு மரத்துக்குப் போயிருந்ததால் பந்து வெறும் கிளையில் பட்டுத் திரும்பியது. இரண்டு காட்டெருமைகளும் பாய்ந்தன. அவற்றின் நடுவில் ஒரு கரிய கை நுழைந்தது. அடுத்த கணம் பந்து பூவாயியிடம் இருந்தது. அதற்கடுத்த கணம் கூடைக்குள் இருந்தது.

மயில் மறுபடி அகவியது. ஆட்டம் முடிந்தது. வடகரை வென்றது!

“பூவாயி! பூவாயி!” என்று காடே கத்தியது.

“பந்தைக் கொடுத்தது வெள்ளைச்சாமி!” என்று தொண்டை கிழியக் கத்தியது சிகாமணி. “கொடுத்தது யாரு? வெள்ளைச்சாமி!” முதலில் அணில் சேர்ந்துகொண்டது. பிறகு எல்லாமே சேர்ந்துகொண்டன.

கூச்சல் அடங்கியதும் கரடி சிகாமணியிடம் வந்தது.

“அண்ணே, நரிகிட்ட ஏதோ சொன்னீங்களே. அதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்க.”

“இப்பவா? இத்தனை பேர் இருக்காங்களே!”

“நேத்தும் இத்தனை பேர் இருந்தாங்க.”

சிகாமணி தொண்டையைக் கனைத்தது. இறக்கையைக் கோதியது. வானத்தைப் பார்த்தது. கடைசியாகக் கரடியைப் பார்த்தது.

“நீ இல்லைன்னா நமக்கு அணியே இல்லைடா தம்பி. உன்னைப் பார்க்கத்தான் நான் மழையில வந்து நனையறேன்.”

வெள்ளைச்சாமி சிகாமணியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தது.

“சரி, இப்போ குறையைச் சொல்லுங்க.”

“கடைசிப் பந்தை அவசரப்பட்டு எறிஞ்சே. பூவாயி உனக்கு இடப்பக்கம் சும்மா நின்னுக்கிட்டிருந்தா. நீ திரும்பியே பார்க்கலை.”

“ஆமாண்ணே,” என்றது கரடி. “பார்த்திருக்கணும்.”

நம்மவர்களைப் பற்றி வெளியாரிடம் விட்டுக்கொடுக்காமல் பேசும் நல்ல வார்த்தையை அவர்கள் முகத்துக்கு நேராகவும் சொல்ல வேண்டும். அப்போதுதான் நாம் சொல்லும் குறையும் அவர்கள் காதில் ஏறும்.