கடல் இடது கைப்பக்கம்

கீழப்பாடி பழங்கார் சங்கத்தில் மொத்தம் மூன்று உறுப்பினர்கள், மூன்று கார்கள். தலைவர் பூவராகன், செயலாளர் ஆரோக்கியராஜ், பொருளாளர் மஸ்தான் கனி. உறுப்பினராக மட்டும் இருக்க ஆள் கிடைக்கவில்லை. கார்கள் மூன்றும் இவர்களைவிட மூத்தவை. புத்தி விஷயத்திலும் அப்படித்தான் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொல்லவில்லை.

நாற்பது கிலோமீட்டர் தெற்கே, கடற்கரைச் சாலையில் சங்குத்துறை என்று ஓர் ஊர். அங்கே வருஷா வருஷம் பழைய கார் கண்காட்சி நடக்கும். கலந்துகொள்ளும் ஒவ்வொரு சங்கத்துக்கும் கிளம்பும்போது ஒரு கோப்பை தருவார்கள். போனால் போதும், கோப்பை உண்டு. நம்மவர்கள் மூன்று வருஷமாகப் போகிறார்கள், ஒரு தடவைகூடப் போய்ச் சேரவில்லை. போன வருஷம் தலைவரின் மனைவி செண்பகவல்லி, "பார்த்துப் போங்க" என்று வழியனுப்பினாள். ஒவ்வொரு பனைமரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனதில், பாதி வழியிலேயே பொழுது சாய்ந்துவிட்டது.

இந்த வருஷம் செண்பகவல்லி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இந்தத் தடவையும் கோப்பை இல்லாம வந்தா, கார் ஷெட்டுல தையல் வகுப்பு ஆரம்பிச்சிடுவேன். ஆறு மெஷின் கூடத்துல காத்துக்கிட்டிருக்கு."

பூவராகன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஷெட் போனால் சங்கம் போச்சு. சங்கம் போனால் அவரைத் தலைவரே என்று கூப்பிட உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

"பன்னெண்டு மணிக்கு வாசலை மூடிடுவாங்க. கடல் எப்பவும் இடது கைப்பக்கமே இருக்கணும். முன்னால போற எந்த வண்டியையும் முந்தாதீங்க. அவ்வளவுதான், ஒரு குழந்தைகூடப் போயிடும்" என்றாள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். தலைவர் முதலில், ஆரோக்கியராஜ் நடுவில், மஸ்தான் கனி கடைசியில். கடல் சமர்த்தாக இடது பக்கமே வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் 'ஒலி எழுப்பவும்' என்று பலகை இருந்தது. மஸ்தான் கனியின் காரில் ஹாரன் வேலை செய்யாது. அவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பலகைக்கு எதிரே நின்று "பாம்! பாம்!" என்று ஒலி எழுப்பிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். வழியில் இப்படிப் பதினோரு பலகைகள்.

அதன் பிறகு ஒரு டிராக்டர் குறுக்கிட்டது. தண்ணீர் டாங்க்கை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு டீக்கடையிலும் நின்று குடம் குடமாக ஊற்றிவிட்டுப் போனது. முந்தக் கூடாதே! அது நின்ற இடத்திலெல்லாம் இவர்களும் நின்றார்கள். சும்மா நிற்பது மரியாதையில்லை என்று ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள். ஒன்பதாவது டீயை ஆரோக்கியராஜ் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கினார்.

சங்குத்துறை வந்தது. 'வருக வருக' என்று பெரிய அலங்கார வளைவும் வந்தது. டிராக்டர் அதற்குள் திரும்பவில்லை, நேராகப் போயிற்று. இவர்களும் நேராகப் போனார்கள். மூன்று கிலோமீட்டர் தாண்டி, டிராக்டர் ஒரு தோப்புக்குள் புகுந்து நின்ற பிறகுதான் தலைவருக்குப் பொறி தட்டியது.

"ஆரோக்கியம் சார், அந்த வளைவுதானே நம்ம இடம்?"

"ஆமா தலைவரே. படிச்சேன். நல்ல கையெழுத்து."

"அப்ப திரும்பிப் போகணுமே! மணி பதினொண்ணேகால்!"

"போகலாம். ஆனா வண்டியைத் திருப்பினா கடல் வலது கைக்கு வந்துடுமே" என்றார் மஸ்தான் கனி.

மூவரும் திகைத்துப்போய்க் கடலைப் பார்த்தார்கள். கடல் நகர்கிற மாதிரி தெரியவில்லை. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு தையல் மெஷினும் கடகடவென்று ஓடுவது காதில் கேட்டது.

"வண்டியைத் திருப்பாமலே போனா?" என்றார் ஆரோக்கியராஜ் மெதுவாக.

"எப்படி?"

"ரிவர்ஸ்ல."

மஸ்தான் கனி அவரைக் கட்டிக்கொண்டார். தலைவருக்கு மட்டும் ஒரு வருத்தம். "ரிவர்ஸ்ல போனா பாய் வண்டி முதல்ல போகும், என் வண்டி கடைசி. தலைவர் முன்னால இருக்கணும்னு சங்க விதி இருக்கே?"

"நீங்க இருக்கிறது முன்னாலதான் தலைவரே. போறதுதான் பின்னால."

நியாயமாகப்பட்டது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று கிலோமீட்டரும் பின்னாலேயே ஓட்டினார்கள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வளைவுக்குள் பின்புறமாக நுழைந்தார்கள்.

"தலைவரே, கடல் இப்ப எதிர்ல வந்துடுச்சு!" என்று கத்தினார் மஸ்தான் கனி.

"வரட்டும் பாய். அதுக்கும் கண்காட்சி பாக்க ஆசை இருக்காதா?"

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று கார்கள் சாலையைப் பார்த்து மூஞ்சியை நீட்டிக்கொண்டு நின்றன.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா? எந்தச் சங்கம்?"

"கீழப்பாடி."

"ரொம்ப சந்தோஷம். இந்தாங்க கோப்பை. அடுத்த வருஷமும் வாங்க. வழியை அடைக்காம கிளம்புங்க."

கிளம்பச் சொல்லிவிட்டார், கிளம்பினார்கள். கண்காட்சியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மடியில் கோப்பை! பூவராகன் அதை மூன்று தடவை முத்தமிட்டார்.

ஊருக்குத் திரும்புவதில் விவாதமே எழவில்லை. கடல் எப்பவும் இடது கைப்பக்கம் என்றுதானே செண்பகவல்லி அம்மா சொன்னது? நாற்பது கிலோமீட்டரும் ரிவர்ஸ். சாலையில் போனவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, கழுத்து மூன்றும் ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்ட நிலையில், மூன்று காரும் பின்னாலேயே வந்து காலையில் நின்ற அதே இடத்தில், அதே வரிசையில், தெற்கே பார்த்து நின்றன.

சத்தம் கேட்டு செண்பகவல்லி வெளியே வந்தாள். கார்களைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே, நீங்க இன்னும் கிளம்பவே இல்லையா?"

பூவராகன் இறங்கிப் பார்த்தார். உண்மைதான். மூன்று வண்டியும் தெற்கே பார்த்து, கிளம்பத் தயாராக நிற்கின்றன. செயலாளரையும் பொருளாளரையும் கூப்பிட்டுக் கலந்து பேசினார்.

"வண்டி நிக்கிற நிலையைப் பாத்தா, நாம கிளம்பின மாதிரி தெரியலை தலைவரே" என்றார் ஆரோக்கியராஜ்.

பூவராகன் பதறிப்போய்க் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். மடியில் ஏதோ இடித்தது. கோப்பை! அதை எடுத்து ஜன்னல் வழியாக மனைவியிடம் நீட்டினார்.

"செண்பகம், இதைக் கொஞ்சம் பத்திரமா வெச்சிரு. நாங்க சீக்கிரமா போய்க் கோப்பையை வாங்கிட்டு வந்துடறோம்."