நகர்த்தாமல் விட்ட குதிரை

"மூணு வருஷமா நான் ஒரு ஆட்டம்கூடத் தோக்கல. ஆனா பட்டம் மட்டும் வர மாட்டேங்குது. ஏன்?" என்று கேட்டார் லோரண்ட்.

புடாபெஸ்ட் நகரத்து வெந்நீர்க் குளம் ஒன்றில் கழுத்தளவு நின்றிருந்தார் அவர். ஹங்கேரிக்காரர், செஸ்ஸில் கிராண்ட்மாஸ்டர். சுற்றிலும் ஆவி. எதிரே நின்ற எமெஷெயின் முகம் அரைகுறையாகத்தான் தெரிந்தது.

எமெஷெ அவரைவிட வயதில் சின்னவர். போட்டிகளை விட்டுவிட்டு, இந்தக் குளத்தில் வருகிறவர் போகிறவரோடு ஆடிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பெரிய ஆட்டக்காரர்கள் சிக்கல் என்றால் இவரைத் தேடித்தான் வருவார்கள்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்றார் எமெஷெ.

"கவனிக்கல. நாளைக்குக் கடைசிச் சுற்று. ஜெயிச்சாத்தான் நான் ஹங்கேரி சாம்பியன். டிரா ஆனா இன்னொருத்தருக்குப் போயிடும்."

"டிரா கேப்பீங்களா?"

லோரண்ட் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கேட்பார். அது அவருக்கே தெரியும். லேசாக வியர்த்தால் போதும், ஆட்டம் சமன் என்று கையை நீட்டிவிடுவார். எதிராளியும் சந்தோஷமாகக் குலுக்குவார். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் இருவரும் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தை மனிதர் இப்படியே ஓட்டிவிட்டார்.

எமெஷெ ஒரு தக்கைப் பலகையை மிதக்கவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக வைத்தார். பாதி ஆட்டத்தில் இருப்பதுபோல் வைத்தார்.

லோரண்ட் பலகையருகே குனிந்தார். "இது நாம செகெட் ஊர்ப் போட்டியில ஆடினது. பதினோரு வருஷம் ஆச்சு."

"நீங்க நகர்த்தாம கையை நீட்டின இடம். அன்னிக்கு உங்க முறை. இன்னும் உங்க முறைதான்."

ஆவி அடர்ந்தது. குளம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இது புடாபெஸ்டா செகெட்டா, தனக்கு முப்பது வயதா நாற்பத்தொன்றா என்று அவருக்கு நிச்சயமில்லாமல் போனது.

அன்றைக்கு நகர்த்த ஆசைப்பட்ட குதிரையை நகர்த்தினார். எமெஷெ அதை வெட்டினார். வெட்டட்டும் என்றுதான் லோரண்ட் கொடுத்தார். அவருடைய ராணி முன்னேறியது. இத்தனை அழகான ஆட்டத்தையா விட்டுவிட்டு எழுந்து போனோம் என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

எமெஷெ ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார்.

லோரண்ட் வெகுநேரம் பார்த்தார். இன்னும் சில நகர்த்தல்களில் தோல்வி, தப்பிக்க வழி இல்லை.

"அப்போ, அன்னிக்கு ஆடியிருந்தா நான் தோத்திருப்பேன்."

"ஆமா."

"நான் பயந்தது சரிதான்."

"சரிதான்."

எமெஷெ பலகைக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"டிரா?"

அந்தக் கையைப் பிடித்தால் போதும். லோரண்டின் கை தன்பாட்டில் நீரிலிருந்து எழுந்தது. அப்போதுதான் அவருக்குத் தண்ணீரின் சூடு உறைத்தது.

அவர் கை எமெஷெயின் கையைத் தாண்டிப் போனது. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தியது.

"உங்க முறை," என்றார்.