இருளாயி கையிலிருந்த பை

"மிஷினைப் பத்தி வகுப்பெடுக்கலாம் மேடம். மிஷின் இல்லாததைப் பத்தி என்னன்னு எடுக்கறது?" என்றான் பூபாலன்.

ஆக்னஸ் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் சுவாச சிகிச்சை படிக்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் ஆசிரியை. பூபாலனும் அவளிடம் படித்தவன். படித்த இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அவனுக்கும் இப்போது மீசை நரைத்துவிட்டது. மாதக் கடைசியில் ஆக்னஸ் ஓய்வு பெறுகிறாள். அவள் இடத்துக்கு அவனைப் போட்டிருந்தார்கள்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லிடப் போறேன் மேடம்."

"சொல்லு," என்றாள் ஆக்னஸ். கையைத் துடைத்தாள். "முதல்ல வார்டுக்கு வா."

வார்டில் மழைக்காலக் காய்ச்சல்காரர்கள் நிறைந்திருந்தார்கள். செயற்கைச் சுவாச மிஷின் ஒன்றுகூடக் காலியில்லை.

மூலைக் கட்டிலில் கிடந்தவன் கரிமூட்டத்தில் விறகு எரித்துக் கரி எடுக்கிறவன். மூட்டம் சரிந்து, புகைக்குள் விழுந்திருந்தான். தொண்டையில் குழாய். குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. அதை அழுத்தினால்தான் அவனுக்குள் காற்று போகும்.

அழுத்திக்கொண்டிருந்தவள் அவன் மனைவி இருளாயி.

காலையில் ஆக்னஸ்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "நீ மூச்சை இழுக்கும்போது அழுத்து. நீ விடும்போது விட்டுரு. அவ்வளவுதான்."

இருளாயி அப்படியே செய்தாள். கைமாற்றிக்கொள்ளக் கொழுந்தன் வந்தபோதும் பையைக் கொடுக்கவில்லை.

ஆக்னஸும் பூபாலனும் கட்டிலருகே வந்தபோது டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. நெஞ்சை அமுக்கிப் பார்த்தாயிற்று. ஆக்னஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சிருச்சும்மா," என்றார் இருளாயியிடம். "கையை எடுங்க."

இருளாயி அழுத்தினாள். அவன் நெஞ்சு உயர்ந்தது. தாழ்ந்தது.

"மூச்சு வருது பாருங்க."

"நீங்க அழுத்தறதாலதான் வருது."

"அப்ப அழுத்துறேன்."

டாக்டர் பூபாலன் பக்கம் திரும்பினார். "கழட்டிருங்க. வெளியில ஒரு பொண்ணு இந்தக் கட்டிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு."

பூபாலன் கையை நீட்டினான். இருளாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நிப்பாட்டுனா, நான் கொன்னதா ஆயிரும்யா."

பூபாலன் கையை இழுத்துக்கொண்டான். ஆக்னஸ் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான்: "அழுத்தச் சொல்லிக்கொடுத்தீங்க மேடம். நிப்பாட்டச் சொல்லிக்கொடுக்கலையே."

ஆக்னஸ் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள். பையின் மேலிருந்த இருளாயியின் கைமேல் தன் கையை வைத்தாள். இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள்.

"நல்லா செஞ்ச தாயி. ஒரு மூச்சுகூடப் பிசகல. இப்ப என்கிட்ட குடு."

"நீங்க நிப்பாட்டிருவீக."

"ஆமா."

இருளாயி மறுபடி அழுத்தினாள்.

"நான்தான் நிப்பாட்டுவேன். நீ இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து இருளாயியின் விரல்கள் விலகின. பையைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன. நீட்ட வரவில்லை.

ஆக்னஸ் அழுத்தினாள். உடனே நிறுத்திவிடவில்லை. செத்தவன் நெஞ்சு உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது.

இருளாயி அவன் காலடிக்குப் போனாள். பாதத்தில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்தாள். "மழை பேஞ்ச மூட்டத்துல ஏறாதீகன்னு சொன்னேன்ல," என்றாள். "சொன்னேன்ல." பிறகு அந்தப் பாதத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் வாசலைப் பார்த்தார்.

ஆக்னஸ் யாரையும் கேட்கவில்லை. பையைக் கழற்றினாள்.

நெஞ்சு தாழ்ந்தது. பிறகு உயரவில்லை.

இருளாயி தலையைத் தூக்கினாள். பார்த்தாள். பாய்ந்து வந்து ஆக்னஸின் தோளிலும் கழுத்திலும் அறைந்தாள்.

"பாவி! கொன்னுட்டியேடி! நீ நல்லா இருப்பியா? கொன்னுட்டியேடி!"

பூபாலன் குறுக்கே வந்தான். "நகரு," என்றாள் ஆக்னஸ். நின்று வாங்கிக்கொண்டாள். கொழுந்தன் ஓடிவந்து அண்ணியை அணைத்துக் கூட்டிப்போகும் வரைக்கும் வாங்கிக்கொண்டாள்.

வராந்தாவில் இருளாயியின் குரல் போய்க்கொண்டே இருந்தது. வசையில் ஆக்னஸின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"உங்களைப் போய்..." என்றான் பூபாலன்.

"யாரையாவது சொல்லணும்ல," என்றாள் ஆக்னஸ். கழுத்தில் நகம் கீறியிருந்தது.

உடலைக் கொண்டுபோனார்கள். விரிப்பை மாற்றினார்கள். காத்திருந்த பெண்ணைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கல்லூரியில் படிக்கிற வயது. கூட அவள் அப்பா. டாக்டர் அவள் தொண்டையில் குழாயை இறக்கினார்.

ஆக்னஸ் புதுப் பை ஒன்றை எடுத்துப் பூபாலனிடம் கொடுத்தாள்.

"அவருக்குச் சொல்லிக்கொடு."

பூபாலன் அந்த மனிதரின் பக்கத்தில் நின்றான். பையை மாட்டினான். "நீங்க மூச்சை இழுக்கும்போது அழுத்துங்க. விடும்போது விட்டுருங்க." அவர் அழுத்தினார். முதலில் தாளம் தப்பியது. பிறகு சரியாக வந்தது.

அவர் ஏதோ கேட்டார். பூபாலன் ஆக்னஸிடம் வந்தான்.

"எப்ப நிப்பாட்டணும்னு கேக்கறார் மேடம். என்ன சொல்லட்டும்?"

"அது அவர் வேலை இல்லைன்னு சொல்லு. உன் பேரைச் சொல்லிட்டு வா," என்றாள் ஆக்னஸ்.