முட்டு மரம்

"இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க, ஐயா" என்றான் ரெனோ.

"போன மாசமும் இதைத்தானே சொன்னே?" என்றார் பெரிய மேஸ்திரி ஓதோ.

பிரான்சில் ஒரு சிற்றூர். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அங்கே வானளாவ ஒரு மாதா கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு கூர்வளைவு ரெனோவின் பொறுப்பு. நாற்பது வயதில் அவன் தனியாகக் கட்டிய முதல் வளைவு.

கல் வளைவு கட்டும்போது அடியில் மரத்தால் முட்டு கொடுப்பார்கள். நம்மூரில் சென்ட்ரிங் என்கிறோமே, அதே சங்கதி. உச்சிக்கல் பொருந்தி, சுண்ணாம்பு இறுகியதும் மரத்தைப் பிரித்து அடுத்த வளைவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரெனோ மூன்று மாதமாகப் பிரிக்கவிடவில்லை.

தச்சர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். இன்றைக்குள் மரம் கைக்கு வராவிட்டால் வேறு ஊர் வேலைக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் கோயில் வேலை நின்றுவிடும். ரெனோவின் பிழைப்பும்தான்.

"என்னடா பயம் உனக்கு?"

"பிரிச்சதும் விழுந்துட்டா? கீழ நிக்கறவங்க செத்துடுவாங்களே, ஐயா."

"மேலே ஏறிப் பார்த்தியா?"

"உச்சிக்கல் வெச்சதோட சரி. பாவம், என் கனத்தையும் சேர்த்து அது தாங்கணுமா?"

மேஸ்திரி அவன் தொந்தியைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"வா, ஏறு."

ஏறினான். படிக்கு ஒரு புனிதரைக் கூப்பிட்டான். பாதி தூரத்திலேயே புனிதர்கள் தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

உச்சியில் மேஸ்திரி, சுண்ணாம்பு பூசும் தம் கரணையை அவனிடம் நீட்டினார்.

"இதைக் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல விடு."

"எப்படிப் போகும், ஐயா? மொத்தக் கல்லும் மரத்து மேலதானே உக்காந்திருக்கு?"

"விடுடா."

விட்டான். கரணை பிடி வரைக்கும் உள்ளே போனது.

அந்தப் பக்கம் நகர்த்தினான். இந்தப் பக்கம் நகர்த்தினான். எங்கேயும் தட்டவில்லை. பச்சை மரம் காய்ந்து சுருங்கி, கல்லைவிட்டு எப்போதோ விலகியிருந்தது.

"ஐயா... எப்பலேருந்து இது தனியா நிக்குது?"

"உன்கிட்ட சொல்லிட்டா நிக்கும்?"

ரெனோ கரணையை வெளியே இழுத்து மேஸ்திரியிடம் கொடுத்தான். பிறகு சாரத்தின் விளிம்பில் குனிந்து, கீழே நின்ற தச்சர்களைப் பார்த்து ஊரே கேட்கும்படி கத்தினான்.

"அண்ணே! மரத்தை எடுத்துட்டுப் போங்க! சும்மா இடத்தை அடைச்சிட்டு நிக்குது!"