மலையேறும் முன் சொன்ன இனாம்

காட்டு வழியில் அழைத்துப் போகிறவர்களுக்கு இனாம் கொடுப்பதில் ஊசிப்பாறை மலையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் பத்திரமாக இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். அதுவரை அதைப் பற்றிப் பேசக் கூடாது. ஈரோட்டிலிருந்து வந்த ஞானசேகருக்கு இது தெரியாது.

எட்டு வயது மகள் அமுதினியோடு வந்திருந்தார். உடன் வந்த வழிகாட்டிகள் மூவர். முன்னால் நடப்பவர் நஞ்சன். நடுவில் சாப்பாட்டுப் பையைச் சுமப்பவர் வெள்ளிங்கிரி. கடைசியாக வருபவர் ரேசன்.

அடிவாரத்திலேயே ஞானசேகர் தன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தூக்கிக் காட்டினார். "இன்னிக்கு என் பொண்ணுக்கு யானையைக் காட்டுறவருக்கு இதுதான் இனாம்!"

"இறங்கி வந்து பேசிக்கலாம் சார்," என்றார் நஞ்சன். வெள்ளிங்கிரியின் கண்கள் பைனாகுலரை விட்டு அகலவில்லை.

இரண்டு மணி நேரம் ஏறினார்கள். மூங்கில் காட்டின் வளைவில் நஞ்சன் சட்டென்று கையை உயர்த்தினார். பாதையில் கிடந்த யானைச் சாணத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

"திரும்பலாம் சார். இன்னிக்கு இவ்வளவுதான்."

"பக்கத்துல யானை இருக்கா?"

"முதல்ல இறங்குங்க சார்," என்றார் நஞ்சன். இருக்கிறது என்று சொன்னால் இவர் நகர மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

அதற்குள் வெள்ளிங்கிரி அமுதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதையை விட்டு நாலு எட்டு உள்ளே போனார். "சத்தம் போடாத பாப்பா. அங்க பாரு."

மூங்கில் இடுக்கில் ஒரு சாம்பல் நிற முதுகு. அதன் வயிற்றுக்குக் கீழே நான்கு குட்டிக் கால்கள்.

"அப்பா! குட்டி யானை!" என்று கத்திவிட்டாள் அமுதினி.

தாய் யானையின் ஆடிக்கொண்டிருந்த காதுகள் சட்டென்று நின்றன.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு நிமிடத்துக்குள். வெள்ளிங்கிரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடிவந்தார். நஞ்சன் எல்லோரையும் சரிவில் இறக்கினார். ரேசன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். வேண்டுமென்றே கிளைகளை ஒடித்துக் கூச்சல் போட்டார். யானை அந்தச் சத்தத்தின் பின்னால் போனது.

மற்றவர்கள் அடிவாரத்துக்கு இறங்கி வந்து ரேசனுக்காகக் காத்திருந்தார்கள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. நஞ்சன் பாதையிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. அமுதினி தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். "நான் கத்தினதாலதானேப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஞானசேகர் அவள் தலையைத் தடவினார்.

ஒருவழியாக ரேசன் வந்து சேர்ந்தார். முழங்காலில் ரத்தம், ஒரு காலில் செருப்பில்லை.

"ஒத்தைச் செருப்பை யானைக்கு இனாமாக் குடுத்துட்டு வந்தேனுங்க," என்று சிரித்தார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிங்கிரி தயங்கித் தயங்கி அருகே வந்தார். "தப்புதான் சார். ஆனா காட்டினது நான். எல்லார் முன்னாலயும் சொன்னீங்க."

"உனக்கா? அவன் உசுரையே குடுக்கப் பாத்தான்டா!" என்றார் நஞ்சன். தனக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு இதே மூவரோடு வேறொரு குடும்பம் ஏறப்போகிறது. ஞானசேகர் கையில் இருப்பதோ ஒரே ஒரு பைனாகுலர்.

அதை யாருக்குக் கொடுப்பது சரி? கீழே படிக்கும் முன் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள்.

விடை: நஞ்சனுக்கு. எந்தச் செயலுக்கு இனாம் கிடைக்கிறதோ, அதையே மறுநாளும் செய்யத் தோன்றும். வெள்ளிங்கிரிக்குக் கொடுத்தால், நாளை இன்னொரு குழந்தை பாதையை விட்டு விலகும். ரேசன் வீரர்தான், மருந்தும் புதுச் செருப்பும் வாங்கித் தருவது ஞானசேகரின் கடமை. ஆனால் நாளையும் ஒருவர் யானைக்கு முன்னால் ஓட வேண்டும் என்று யார் விரும்புவார்கள்? நஞ்சன் சொன்னவுடன் திரும்பியிருந்தால் எவரும் ஓட வேண்டியிருந்திருக்காது; நாளையும் அப்படித் திரும்பச் சொல்பவர்தான் தேவை. வெள்ளிங்கிரிக்குக் கொடுத்த வாக்கு? அது தவறித்தான் போகும். ஏறும் முன்பே ஆசை காட்டியவர் ஞானசேகர். ஆகவே எல்லோர் முன்னாலும் வெள்ளிங்கிரியிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறு யாருடையது என்று அமுதினியும் அப்போது தெரிந்துகொள்வாள்.