நிறுத்திப் பார்த்த தேனீ

ஒரு காட்டில், வேங்கை மரத்துப் பொந்தில், தேனீக் கூட்டம் ஒன்று புது அடை கட்டிக்கொண்டிருந்தது. வேங்கை பூத்துக் குலுங்கும் நாட்கள் அவை. பூ உதிர்வதற்குள் தேன் சேர்த்தாக வேண்டும்.

குழந்தைகளே, நம் உடம்பிலும் செல்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றாகப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பழுதான செல் பெருகிவிடாமல் தடுத்து நிறுத்த பி53 என்றொரு புரதம் உண்டு. டிபி53 என்ற மரபணு சொன்னபடி உருவாவது. அந்தக் கூட்டில் அப்படியொரு வேலை அமரி என்ற தேனீக்கு. ஒரு வரிசை முடிந்ததும் அறை அறையாகக் காலால் தடவிப் பார்க்கும். சரி என்று அது சொன்னால்தான் அடுத்த வரிசை.

ஒருநாள் காற்றில் முறிந்த கிளை பொந்துக்குள் குத்தி நான்கு அறைகள் நசுங்கின. அமரி வேலையை நிறுத்தியது.

அடை கட்டுகிறவர்களுக்குத் தலைவியான விரைவிக்குப் பொறுக்கவில்லை. "நாலே நாலு அறை. அதற்காக எல்லோரும் சும்மா நிற்பதா?"

"இந்த நாலையும் ஒட்டித்தான் அடுத்தவை வரும், அக்கா," என்றது அமரி. "கோணலை ஒட்டிக் கட்டினால் கோணலாகத்தான் வரும்."

விரைவி கேட்கவில்லை. கூட்டுக்குள் காற்று வர வாசலில் நின்று சிறகு வீசும்படி அமரியை அனுப்பிவிட்டு, நசுங்கிய அறைகளை ஒட்டியே கட்டச் சொன்னது. அமரி வீசிக்கொண்டிருந்தது, நினைப்பெல்லாம் உள்ளேதான்.

ஐந்தாம் நாள் அடை ஒரு பக்கமாக வீங்கிப் புடைத்திருந்தது. புது அறைகள் தேன் ஊற்றவும் ஆகவில்லை, முட்டையிடவும் ஆகவில்லை. முட்டையிலிருந்து வந்த குட்டிப் புழுக்களுக்கு உணவு கொண்டுபோகும் வழியும் அடைபட்டது. அவை பசியில் துவள்வதைக் கண்டதும் விரைவி தானே வாசலுக்கு வந்தது.

"தப்பு என்னுடையது. நீ வந்து பார்," என்றது.

அமரி குத்திக்காட்டவில்லை. உள்ளே போய் ஒவ்வோர் அறையாகத் தடவியது. நிமிர்த்த முடிந்தவற்றை நிமிர்த்தச் சொன்னது. முடியாதவற்றின் முன் சற்றுத் தயங்கி நின்றது. எல்லாம் சகோதரிகளின் உடம்பில் சுரந்த மெழுகு அல்லவா?

"இவற்றை இடித்துவிடலாம்," என்றது கடைசியில்.

முதல் அறையை இடித்தது விரைவிதான்.

வழி திறந்தது. புழுக்கள் பிழைத்தன. இடித்த மெழுகிலேயே புது வரிசைகள் நேராக எழும்பின. அதற்குள் பாதிப் பூ உதிர்ந்திருந்தாலும், மீதியில் கிடைத்த தேனே மழைக்காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விரைவியே அமரியைக் கூப்பிட்டு, அது சரி என்று சொல்லும்வரை பொறுமையாக நின்றது.

நீதி: பழுதைக் கண்ட இடத்திலேயே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டால் அது பெருகிவிடும்.